வெயில் நாளில் மீன் எங்கே நிற்கிறது?

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கை இறுகும் காலமாகும். ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட வாரங்களில் மரங்கள் மொட்டையாகி நிற்கின்றன. வெட்டிய கோட்டில் பால் வடிவது குறைகிறது, மங்குகள் நிறைவதில்லை, பால் குறையும்போது வருமானமும் குறைகிறது. அந்நாள்களில், வேலை முடிந்த பிற்பகலில் தூண்டிலை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள குட்டைக்குச் செல்லும் தந்தையரையும், அவர்களுக்குப் பின்னே மண்புழு டப்பாவைச் சுமந்து செல்லும் சிறுவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். நான்கு மீன் கிடைத்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். விலை கொடுக்காமல் கிடைக்கும் நல்ல புரதச்சத்து அது.

ஆயினும், அவ்வாறு சென்றவர்கள் எல்லாரும் வீடு திரும்பியதில்லை என்பதையும் நாம் அறிவோம். பழைய ஈயக்குட்டைகளில் மூழ்கி இறந்தோரைப் பற்றிய செய்திகளை நாளேடுகளில் படித்து வருகிறோம். நீரில் விளையாட இறங்கியவர்களும், மீனைத் தேடி இறங்கியவர்களும் அவர்களுள் உண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விரும்புவது ஒன்றே. வெயில் நாளில் நம் நாட்டுக் குட்டைகளின் ஆழத்தில் மீன் நிற்பதில்லை. மேல்நீரிலும் கரையோரத்திலுமே நிற்கிறது. ஆகவே மீனுக்காக மனிதன் நீரில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், குழம்புக்கு மீனும் கிடைக்கும். உயிருக்குக் காவலும் கிடைக்கும்.

சுங்கை வேயும் ஈயக்குட்டைகளும்

முதலில், இக்குட்டைகள் எவ்வாறு தோன்றின என்பதைக் காண்போம். சுங்கை வே என்னும் ஊரையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே, இன்று பெட்டாலிங் ஜெயா மாநகரத்திற்குள் அடங்கியிருக்கும் பகுதி அது. அவசரகாலத்தில் (1948–1960) அமைக்கப்பட்ட புதுக்கிராமம் ஒன்று அங்கே உண்டு. ஒருபுறம் ரப்பர்த் தோட்டங்களும் மறுபுறம் ஈயச் சுரங்கங்களுமாக விளங்கிய வட்டாரம் அது. 1970ஆம் ஆண்டுகளில் தொழிற்சாலைகள் வந்தன, பின்னர் வீடமைப்புப் பகுதிகள் பெருகின, பால்மரங்கள் மறைந்தன. கிளானா ஜெயாவிலுள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் சீபோர்ட் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பண்டார் சன்வே நகரின் பெயர்கூடச் சுங்கை வே என்பதன் சுருக்கமே. அந்நகரமும் ஈயம் எடுத்த நிலத்தின்மீது எழுந்ததேயாகும்.

அக்காலத்தில் ஈயம் எடுப்பதற்கு இரண்டு முறைகள் பெரிதும் கையாளப்பட்டன. நீரைப் பீய்ச்சியடித்து மண்ணைக் கரைத்து, அச்சேற்றை இயந்திரத்தால் உறிஞ்சி, பாலோங் எனப்படும் உயரமான சரிவுத் தொட்டியில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரிப்பது ஒருமுறை. நீரில் மிதக்கும் ஈயக்கப்பலைக் கொண்டு அடிமண்ணைத் தோண்டி எடுப்பது மற்றொரு முறை. 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக ஈயச் சந்தை சரிந்தது. அதன்பின் நம் நாட்டுச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தோண்டப்பட்ட குழிகளில் நீர் தேங்கிக் குட்டைகளாயின. அவற்றுள் சில தூர்க்கப்பட்டன. சில பூங்காக்களின் ஏரிகளாக மாறின. இன்னும் சில புதரும் கோரையும் சூழ்ந்து அப்படியே கிடக்கின்றன. சுங்கை வே வட்டாரத்தில் நிகழ்ந்தது சிலாங்கூரிலும் பேராவிலும் ஈயம் எடுத்த மற்ற இடங்களிலும் நிகழ்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். இயற்கையான குளம் பெரும்பாலும் கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும். ஈயக்குட்டை அப்படிப்பட்டதன்று. அது மனிதன் தோண்டிய குழி. அதன் கரை சுவரைப்போல இறங்கும். பத்து மீட்டரையும் கடந்த ஆழமுடைய குட்டைகள் உண்டு. கரையோரமாகக் கிடக்கும் வெண்மணல் உறுதியான தரைபோலத் தோன்றும். அதன் கீழே ஈயம் அலசிய கழிவுச்சேறு கூழ்போல இருக்கும். பார்வைக்கு அழகிய ஏரி. உள்ளே ஆழ்ந்த கிணறு.

மீனும் மூச்சுவிடுகிறது

ஒருமுறை தோட்டப்புறப் பிள்ளைகளிடையே இதைப் பற்றிப் பேசியபோது, "ஐயா, தண்ணீரிலேயே வாழும் மீனுக்கு மூச்சுத் திணறுமா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். மிக நல்ல கேள்வி. இப்பாடத்தின் திறவுகோலும் அதுவேயாகும்.

பிராணவாயு எனப்படும் உயிர்வளி நமக்குக் காற்றிலிருந்து கிடைக்கிறது. மீனுக்கு நீரில் கரைந்துள்ள உயிர்வளியே ஆதாரம். செவுள்களின் வழியாக நீரைச் செலுத்தி, அதிலுள்ள உயிர்வளியை மீன் பிரித்தெடுக்கிறது. ஆனால் நீரில் அது மிகச் சிறிதளவே உண்டு. ஆயிரம் லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 கிராம் உயிர்வளி இருக்கிறது. 10 டிகிரி செல்சியசு வெப்பமுள்ள ஆயிரம் லிட்டர் நீரிலோ ஏறக்குறைய 11 கிராம்தான் கரைந்து நிற்கும். அதே நீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் ஏழரைக் கிராம் அளவே தங்கும். நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளி குறைகிறது என்பதே இதன் பொருள்.

மற்றொரு பக்கம், நீர் சூடேறும்போது மீனின் உடல் வேகமாக இயங்குகிறது. அதற்கு உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படுகிறது. வரவு குறையும் காலத்தில் செலவு கூடுகிறது. இலையுதிர் காலத்தில் நம் வீட்டுக்கு நேரும் அதே நெருக்கடி வெயில் நாளில் மீனுக்கும் நேர்கிறது. நெருக்கடியில் உள்ள மீன் உயிர்வளி எங்கே இருக்கிறதோ அங்கே சென்று நிற்கும். ஆகவே, "மீன் எங்கே?" என்று கேட்பவர் முதலில், "உயிர்வளி எங்கே?" என்று கேட்க வேண்டும்.

ஒரு சிறு சோதனை

இதனை அறிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். சர்க்கரை சேர்க்காத சூடான வெறுந்தேநீரை, கரண்டியின் முதுகின்மேல் வழியவிட்டு மெதுவாக அக்குவளையில் ஊற்றுங்கள். சிவந்த தேநீர் மேலேயும் தெளிந்த நீர் கீழேயும் தனித்தனியே நிற்பதைக் காண்பீர்கள். சூடான நீர் எடை குறைந்தது. குளிர்ந்த நீர் எடை கூடியது. எனவே அவை உடனே கலப்பதில்லை. கரண்டியால் கலக்கினால் மட்டுமே ஒன்றாகும். சர்க்கரை சேர்த்தால் தேநீரின் எடை கூடிச் சோதனை பிழைபடும் என்பதை மறவாதீர்கள்.

குட்டையிலும் இதுவே நடக்கிறது. வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. கீழ்நீர் சற்றுக் குளிர்ந்தே கிடக்கிறது. வறண்ட நாள்களில் காற்றும் மழையும் வந்து கலக்காவிடில் மேலடுக்கு, கீழடுக்கு என நீர் இரண்டாகப் பிரிந்துவிடும்.

நம் நாட்டில் மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரி வேறுபாடே இருக்கக்கூடும். அவ்வளவு சிறிய வேறுபாடு நீரைப் பிரித்து வைக்குமா என்று ஐயுறலாம். வைக்கும். ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி நிறைய நீர் இருப்பதாகக் கொள்வோம். 9 டிகிரியில் நிறைந்திருக்கும் நீரைக் காட்டிலும் 10 டிகிரியில் நிறைந்திருக்கும் நீர் ஏறக்குறைய 80 கிராம் எடை குறைவு. 29 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையிலோ அக்குறைவு ஏறக்குறைய 300 கிராம். அதாவது, வெப்ப நாட்டு நீரில் ஒரு டிகிரி வேறுபாடு, குளிர் நாட்டு நீரில் மூன்று நான்கு டிகிரி செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது.

குளிர்நாட்டு ஏரியில் நடப்பது

இதே அடுக்குகள் குளிர்நாட்டு ஏரிகளிலும் உண்டாகின்றன. ஆனால் அங்கே மீன் செல்லும் திசை வேறு. இரண்டையும் ஒப்பிட்டால் பாடம் தெளிவாகும்.

வட அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஏரி ஏறக்குறைய 58,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மிகுந்த ஆழம் 281 மீட்டர். பெருகிவிட்ட சிறுமீன்களைக் கட்டுப்படுத்தவும் தூண்டில்காரர்களுக்குப் பயன்படவும் 1966ஆம் ஆண்டில் அங்கே சால்மன் மீன்கள் விடப்பட்டன. டின்னில் அடைத்து விற்கப்படும் சால்மனை நம்மவர் அறிவர். அதற்கு உறவான டிரௌட் என்னும் மீனும், பெர்ச் என்னும் மீனும் அவ்வேரியில் வாழ்கின்றன.

சால்மன் விரும்புவது 12, 13 டிகிரி அளவிலான குளிர்ந்த நீர். கோடையில் மேல்நீர் 20 டிகிரியைத் தாண்டும்போது சால்மனும் டிரௌட்டும் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. அவற்றைத் தேடிச் செல்வோர் படகில் ஏறி, கனமான குண்டுகளைக் கட்டித் தூண்டிலை ஆழத்திற்கு இறக்குகின்றனர். வெப்பத்தை ஓரளவு தாங்கும் பெர்ச் மீனோ அவற்றைவிட ஆழம் குறைந்த இடங்களில் கூட்டமாகத் திரிகிறது.

ஆழத்திற்குச் சென்ற சால்மனுக்கு மூச்சுத் திணறாதோ? திணறுவதில்லை. குளிர்காலத்தை ஒட்டி அவ்வேரியின் நீர் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை கலந்து, நிறைய உயிர்வளியை ஆழத்திற்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. ஆழ்நீர் குளிர்ந்திருப்பதால் அவ்வுயிர்வளி அதில் தங்கி நிற்கிறது. அடியில் அழுகும் பொருளும் குறைவு. ஆகவே கோடை முழுவதும் ஆழத்தில் மீனுக்கு மூச்சு உண்டு.

டிரௌட் மீன் தமிழகத்திற்கும் புதியதன்று. நீலகிரியிலுள்ள அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டிலேயே அதற்கெனக் குஞ்சுபொரிப்பகம் ஏற்படுத்தப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த நீர் என்பதாலேயே அங்கு அது பிழைத்தது. சமவெளிக் குளத்தில் விட்டிருந்தால் ஒரு வெயில் நாளைக்கூடத் தாங்கியிராது.

நம் குட்டையில் நடப்பது

இனி நம் குட்டைக்கு வருவோம். நமக்குக் குளிர்காலம் இல்லை. நீரை அடிவரை புரட்டிக் கலக்கும் பருவமும் இல்லை. குட்டை சிறியது, சுற்றிலும் மேடும் புதரும் இருப்பதால் காற்றும் போதிய அளவு வீசுவதில்லை. பாசியும் இலையும் தழையும் அடியில் படிந்து, வெப்பத்தால் விரைந்து அழுகுகின்றன. அழுகல் நடக்கும்போது உயிர்வளி செலவாகிறது. கீழடுக்கில் இருந்த சிறிதளவு உயிர்வளியும் தீர்ந்துவிட்டால், மேலிருந்து புதிதாக இறங்க வழியில்லை. ஆகவே பழைய குட்டைகளில் மேலேயுள்ள சில மீட்டர் நீரில் மட்டுமே மீனுக்கு மூச்சு உண்டு. அதற்குக் கீழே இருப்பது உயிரற்ற நீர்.

இது சிறிய குட்டைக்கு மட்டும் உரியதன்று. திரங்கானுவில் அணைகட்டப்பட்டு 1985ஆம் ஆண்டில் உருவான கென்யிர் ஏரி ஏறக்குறைய 260 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. காடு மூழ்கிக் கிடக்கும் அதன் ஆழத்திலும் உயிர்வளி அரிதேயாகும்.

எனவே, குளிர்நாட்டில் வெயில் மீனை ஆழத்திற்கு அனுப்புகிறது. நம் நாட்டில் மேலே நிறுத்துகிறது. மேல்நீரில் வெப்பம் மிகுந்த நண்பகலில், மீன் கோரைப்புல்லின் நிழலையும், கரைமரத்தின் நிழலையும், ஓடைநீர் வந்து விழும் வாயையும் நாடும். அவை அனைத்தும் கரையோரமாகவே இருக்கின்றன என்பது கருதத்தக்கது.

நம் குட்டைகளில் வாழும் மீன்கள் இந்த நெருக்கடியைச் சமாளிக்கப் பழகியவை. விரால், கெளுத்தி, பனையேறி ஆகிய மூன்றும் செவுளோடு, காற்றையே நேராக உள்வாங்கும் உறுப்பையும் பெற்றுள்ளன. மலாய்க்காரர் ஹாருவான் என வழங்கும் விராலை நன்கு கவனித்துப் பாருங்கள். சிறிது நேரத்திற்கு ஒருமுறை அது மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வரமுடியாதபடி நீருக்கடியில் வலைக்குள் அடைபட்டால், வளர்ந்த விரால் மூச்சு முட்டி இறந்துவிடும். மீனும் நீரில் மூழ்கிச் சாகும் என்றால் வியப்பன்றோ!

மலாய் மொழியில் புயு எனப்படும் பனையேறிக்குத் தமிழ்மண்ணோடு ஒரு வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் பணிபுரிந்த டால்டோர்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி, 1791ஆம் ஆண்டில் பனைமரம் ஒன்றின்மேல் இம்மீனைக் கண்டு பிடித்ததாக 1797ஆம் ஆண்டில் எழுதினார். அதனால் அது, 'மரமேறும் பெர்ச்' என்னும் பொருள்படும் பெயரை உலகெங்கும் பெற்றது. உண்மையில் அது பெர்ச் இனத்தைச் சேர்ந்ததன்று. மரமேறும் என்பதையும் இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் ஈரத்தரையில் செவுள்மூடியை ஊன்றி ஊர்ந்து, ஒரு குட்டையிலிருந்து மற்றொரு குட்டைக்குச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு.

திலாப்பியா மீன் இந்நாட்டுக்குரியதன்று. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம் அது. அதற்குக் காற்றை விழுங்கும் உறுப்பு இல்லை. உயிர்வளி குறையும்போது அது மேற்பரப்பிற்கு வந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மேல்நீரைச் செவுளில் ஏற்கிறது. ஆண்மீன் கரையோரத்தின் ஆழமில்லாத மணலில் வட்டமான குழி பறித்து வைக்கும். தெளிந்த நீரில் இவ்வட்டங்களைக் கரையிலிருந்தே காணலாம்.

எந்த நேரத்தில் செல்வது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் கோடை என்று தனிப்பருவம் இல்லை. ஆயினும், ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்களிலும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களிலும் மழை குறைவு. இவையே நம் வெயில் நாள்கள்.

நீரிலுள்ள பாசியும் செடியும் பகலில் சூரிய ஒளியைக் கொண்டு உயிர்வளியை உண்டாக்குகின்றன. இரவில் ஒளி இல்லாமையால் அவையும் உயிர்வளியைச் செலவிடுகின்றன. ஆகவே பாசி மிகுந்த குட்டையில் விடியுமுன் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். மாலையில் அது நிறைந்திருக்கும். வெப்பமும் தணியத் தொடங்கும். நிழலில் ஒதுங்கியிருந்த மீன் இரை தேடிக் கரையோரமாக உலவும் நேரம் அதுவே.

இதை நாம் ஒரு தோட்டத்தில் விளக்கியபோது முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்க தாத்தா சொல்லுவாரு: மத்தியானம் குட்டைக்குப் போறவன் தூங்கப் போறான், சாயங்காலம் போறவன்தான் மீனுக்குப் போறான்" என்றார். உயிர்வளியின் கணக்கை அப்பெரியவர் அறியார். ஆனால் மீனை அறிந்திருந்தார்.

பால் கொடுத்துவிட்டு வீடு திரும்பி, உண்டு சற்றே இளைப்பாறியபின், மாலை ஐந்து மணிமுதல் ஏழு மணிவரை தூண்டில் போடுவது பால்வெட்டுத் தொழிலாளர்க்குப் பொருத்தமான நேரமாகும். ஓய்வுநாளில் காலையில் செல்வதாயின், பொழுது விடிந்து வெயில் ஏறத் தொடங்கும் எட்டு மணியளவில் செல்லலாம். இருட்டிய பின் கரையில் நிற்பது வேண்டா. அடி வைக்கும் இடம் தெரியாத நேரத்தில் ஈயக்குட்டைக் கரை நம்பத்தக்கதன்று.

திலாப்பியாவுக்கு மண்புழுவோ பிசைந்த ரொட்டியோ போதும். மிதப்பிலிருந்து முள்வரை இரண்டு முழத்துக்கு மேல் நூல் விட வேண்டியதில்லை. விராலுக்குச் சிறு தவளையோ வெட்டுக்கிளியோ கட்டி, கோரைப்புல்லின் விளிம்பை ஒட்டி மேலாக இழுத்துவர வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீந்தும் இடத்தில், அவற்றின் கீழே பெற்ற மீன் காவல் காத்து நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஆகவே அதை விட்டுவிடுவது அடுத்த ஆண்டுக் குழம்புக்குச் செய்யும் சேமிப்பாகும்.

மழை பெய்தபின்

நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெருமழை பெய்தால், மறுநாள் காலையில் குட்டையில் மீன்கள் வாய்பிளந்து மேலே மிதப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். குளிர்ந்த மழைநீரும் காற்றும் சேர்ந்து மேலடுக்கையும் கீழடுக்கையும் கலந்துவிடுகின்றன. உயிரற்ற கீழ்நீர் மேலே பரவுகிறது. மீனுக்கு ஒதுங்க இடமில்லை. இதற்குப் பேயும் காரணமன்று. எவரது சாபமும் காரணமன்று.

எனினும் செத்து மிதக்கும் மீனை எடுத்துச் சமைக்கலாகாது. அது எப்போது செத்தது என்பதை நாம் அறியோம். நஞ்சாலோ கழிவுநீராலோ செத்திருக்கவும் கூடும். பழைய ஈயக்குட்டைகள் சிலவற்றில் ஆர்சனிக், காரீயம் போன்றவை கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தொழிற்சாலைக் கழிவுநீர் வந்து சேரும் குட்டையின் மீனை உண்ணுதல் வேண்டா. நல்ல குட்டையின் மீனாயினும் குடலை நீக்கி, நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

இடி முழங்கத் தொடங்கினால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்திற்குள் செல்லுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. வெட்டவெளி நீர்க்கரையில் நீண்ட கழியைத் தூக்கிப் பிடித்து நிற்பவர் மின்னலுக்குத் தாமே வழிகாட்டுகிறார்.

கரையிலேயே நில்லுங்கள்

நாம் பள்ளி மாணவராக இருந்த நாள்களில், உடன்படித்த சிறுவன் ஒருவன் சுங்கை வே பக்கத்துக் குட்டை ஒன்றுக்குத் தூண்டில் போடச் சென்றான். முள் நீர்ச்செடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுப்பதற்காக இறங்கினான். முதல் அடியில் கணுக்கால் அளவு. இரண்டாம் அடியில் முழங்கால் அளவு. மூன்றாம் அடிக்கு நிலம் இல்லை. கரையில் நின்ற நண்பர்களுக்கு நீந்தத் தெரியாது. மறுநாள் வகுப்பில் அவனுடைய இடம் காலியாக இருந்தது. ஒரு தூண்டில் முள்ளின் விலை சில காசுதான்.

ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம்:

1. முள் மாட்டிக்கொண்டால் நூலை அறுத்துவிடுங்கள். முள்ளுக்காகவோ, மிதப்புக்காகவோ, காலணிக்காகவோ நீரில் இறங்கலாகாது.

2. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது புதிதாக வெளிப்படும் வெண்மணலிலும் சேற்றிலும் கால் வைக்கலாகாது. பழைய கரையில், புல்லும் மரமும் வேரூன்றிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

3. தனியே செல்லலாகாது. சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் செல்லவே கூடாது.

4. ஒரு நீண்ட கயிற்றையும், இறுக மூடிய காலிப் பிளாஸ்டிக் கலன் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் விழுந்துவிட்டால், நீந்தத் தெரியாதவர் பின்னே குதிக்க வேண்டா. கலனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள், மூங்கிற்கழியை நீட்டுங்கள், உரக்கக் கூவி ஆளைத் திரட்டுங்கள், 999 என்னும் எண்ணுக்கு அழையுங்கள்.

5. தடை அறிவிப்புப் பலகை உள்ள இடத்திலும், வேலியிட்ட இடத்திலும் நுழையலாகாது. குட்டைக்கு உரிமையாளர் உண்டு. அவர் இசைவு வேண்டும்.

நஞ்சும் மின்சாரமும் வேண்டா

சிலர் துபா வேரை இடித்துக் கரைத்து நீரில் ஊற்றுகின்றனர். வேறு சிலர் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ச்சுகின்றனர். துபா நஞ்சு, உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலையே மீனிடமிருந்து பறித்துவிடுகிறது. பெரிய மீன் நான்கு கிடைக்கும். நாலாயிரம் குஞ்சு அழியும். மின்சாரமோ மீனையும் மனிதனையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஈரக்காலுடன் நிற்பவரையும் அது தாக்கும். வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் குற்றமென விதித்துள்ளது. தூண்டில் ஒன்றே குட்டைக்கும் நமக்கும் பொருந்தும் கருவி.

நினைவுபடுத்திக்கொள்ளச் சில கேள்விகள்

இரவு உணவுக்குப்பின் பிள்ளைகளுடன் அமர்ந்து இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விடைகள் மேலேயே உள்ளன.

1. நீர் சூடேறும்போது அதிலுள்ள உயிர்வளி கூடுமா, குறையுமா?

2. கோடையில் சால்மன் ஆழத்திற்குச் செல்கிறது. நம் குட்டை மீன் ஏன் செல்வதில்லை?

3. விரால் ஏன் அடிக்கடி நீரின் மேலே வருகிறது?

4. பால்வெட்டுத் தொழிலாளர்க்குத் தூண்டில் போட ஏற்ற நேரம் எது? ஏன்?

5. தூண்டில் முள் நீர்ச்செடியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

ஐந்தாம் கேள்விக்கு மட்டும் பிள்ளை தயங்காமல் விடை கூறும்வரை அவனைக் குட்டைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வெயில் நாளில் மீன் தானே கரையை நாடி வருகிறது. நாம் கரையிலேயே நிற்போம்.